வேட்டை ஸ்கோப் வாங்கும்போது: உறுதிக்கு எவ்வளவு, வாரண்டிக்கு எவ்வளவு?

என் முதல் ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் மாட்டும் தொலைநோக்கியை, வாங்க ஒரே காரணம், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருந்த 'ஆயுள் வாரண்டி'. இரண்டாவது வேட்டைப் பருவத்தின் மூன்றாம் நாள் காலையில், நூறு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் நின்ற காட்டுப்பன்றியின் முதுகுக்கு மேலே குண்டு போனது. மாலையில் அட்டையில் சுட்டுப் பார்த்தால் ஐந்து குண்டும் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. முந்தைய வாரம் அதே துப்பாக்கி, அதே தோட்டா, மூன்று விரல் அகலத்துக்குள் விழுந்திருந்தது.

வாரண்டி பொய்யில்லை. நிறுவனத்தார் மரியாதையாகப் பேசினார்கள், மறு கேள்வி இல்லாமல் புதியது அனுப்பினார்கள். அது கைக்கு வர ஒன்பது வாரம் ஆனது, பருவம் முடிந்திருந்தது. வந்ததும் அதே மாடல்தான். அடுத்த ஆண்டு அதுவும் அதே போக்கில் போனது. அன்று குண்டு மேலே போனதால் பன்றி தப்பித்தது. குறி வைத்த இடத்துக்கு ஒரு சாண் கீழே போயிருந்தால் காலொடிந்த விலங்கைப் புதருக்குள் தேடி அலைந்திருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

உரிமத்தோடு, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் வேட்டைக்குப் போகிறவர், முதல் ஸ்கோப் வாங்கப் போகிறார் என்று வைத்து இதை எழுதுகிறேன். எந்த மாடல் சிறந்தது என்று சொல்லப் போவதில்லை. உறுதியையும் வாரண்டியையும் எப்படி எடைபோடுவது, எந்தக் காகிதத்தை எப்போது வாங்கி வைப்பது, எங்கே ஏமாறுவோம் என்பது மட்டும்.

1. கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள்

துப்பாக்கியின் உதை எவ்வளவு, ஸ்கோப்போடு சேர்த்து எடை எவ்வளவு, எந்த வானிலையில் எப்படித் தூக்கிப் போவீர்கள், எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள். இவ்வளவுதான். ஆனால் இதை எழுதாமல் கடைக்குள் போனால் விற்பவர் சொல்வதுதான் உங்கள் தேவை ஆகிவிடும்.

உதையைப் பற்றி ஒரு வார்த்தை. .308 வின்செஸ்டர் தோட்டா சுடும் துப்பாக்கியில் பத்து ஆண்டு உழைக்கும் ஸ்கோப், உதை அதிகமான .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா சுடும் இலேசான துப்பாக்கியில் ஒரே பருவத்தில் தளர்ந்துவிடலாம். துப்பாக்கி எடை குறையக் குறைய அதே தோட்டாவின் உதை வேகமாக வரும். ஸ்கோப்பின் எடையும் கணக்கில் உண்டு: 500 கிராம் ஸ்கோப்பைவிட 900 கிராம் ஸ்கோப் ஒவ்வொரு வெடியிலும் ரிங்குகளை (ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்களை) அதிகமாக இழுக்கும். கனமான ஸ்கோப் என்றால் உறுதியான ஸ்கோப் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்பிரிங் வைத்த காற்றுத் துப்பாக்கி என்றால் இன்னும் கவனம். 'அது வெறும் ஏர் ரைஃபிள்தானே' என்று பழைய ஸ்கோப்பை மாட்டி உடைத்தவர்கள் நிறைய. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் சிலிண்டரின் முனையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே வெட்டும். பின்னுதையை மட்டும் நினைத்துச் செய்த ஸ்கோப்பின் உள்ளே லென்ஸும் குறி பார்க்கும் குறுக்குக்கோடும் இடம் பெயர்வது இந்த எதிர்வெட்டால்தான். 'ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். வாரண்டித் தாளிலும் அந்த வகைத் துப்பாக்கி விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2. வாரண்டியை விளம்பரத்தில் படிக்காதீர்கள், முழு நிபந்தனையைப் படியுங்கள்

பெட்டியின் மேல் இருப்பது இரண்டு வார்த்தை. நிபந்தனை இரண்டு மூன்று பக்கம் இருக்கும். அதில் தேட வேண்டியவை இவை.

யாருடைய ஆயுள்? வாங்கியவரின் ஆயுளா, பொருளின் ஆயுளா, முதல் உரிமையாளர் வைத்திருக்கும் வரைக்குமா? மூன்றும் வேறு வேறு. 'ஆயுள்' என்று விளம்பரம் செய்தால் எதன் ஆயுள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என அமெரிக்காவின் வணிக விதிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழிகாட்டுதலே வைத்திருக்கிறது என்றால், இதில் எத்தனை பேர் குழம்பியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எது சேரும்? 'பொருளிலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறை' என்று மட்டும் இருந்தால், நீங்கள் கீழே போட்டது சேராது. 'எப்படிச் சேதமானாலும்' என்று இருந்தால் சேரும். இந்த இரண்டு வகைக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இரண்டையும் விற்பவர் 'லைஃப்டைம்' என்ற ஒரே சொல்லால் சொல்வார்.

பில் வேண்டுமா, பதிவு வேண்டுமா, கைமாறினால் செல்லுமா? தாராளமான வாரண்டி எப்படி இருக்கும் என்று தெரிய வோர்டெக்ஸ் நிறுவனத்தின் வி.ஐ.பி. வாரண்டியைப் படித்துப் பாருங்கள். பில் வேண்டாம், பதிவு வேண்டாம், இரண்டாம் கையில் வாங்கியவருக்கும் செல்லும். அதிலும்கூட தொலைந்தது, திருடு போனது, வேண்டுமென்றே உடைத்தது, வேலையைக் கெடுக்காத வெறும் கீறல் ஆகியவை சேராது. லியூபோல்டு நிறுவனமும் முதல் உரிமையாளராக இல்லாவிட்டாலும் ஏற்கிறது; மின்னணுப் பாகத்துக்கு மட்டும் கால வரையறை தனி. இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்து, நீங்கள் வாங்க நினைப்பதை ஒப்பிடுங்கள். நிபந்தனைகள் மாறக்கூடியவை, ஆகவே வாங்கும் நாளில் உள்ளதைப் படிப்பதுதான் சரி.

மின்னணுப் பாகம் என்றேன் அல்லவா, அது பெரிய ஓட்டை. குறுக்குக்கோட்டுக்கு விளக்கு உள்ள ஸ்கோப்புகளில் கண்ணாடிக்கு ஆயுள் முழுதும், விளக்குக்குச் சில ஆண்டு மட்டும் என்பது சாதாரணம். முதலில் போவதும் பெரும்பாலும் விளக்குதான்.

எந்த நாட்டில் வாங்கியது? ஒரே பிராண்டுக்கு நாட்டுக்கு நாடு வாரண்டி வேறுபடும். அங்கீகாரம் இல்லாத விற்பனையாளரிடம் மலிவாக வாங்கினால் சில நிறுவனங்கள் கையை விரித்துவிடும். அதைவிட மோசம் போலி. பெயர்பெற்ற பிராண்டுகளின் போலி ஸ்கோப்புகள் இணையச் சந்தையில் உண்மையாகவே சுற்றுகின்றன, பெட்டி முதல் ஸ்டிக்கர் வரை அச்சு அசல். பணம் கொடுக்குமுன் சீரியல் நம்பரின் படத்தை வாங்கி, நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். விற்பவர் நம்பரைத் தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நிறுவனத்தின் ஆயுள் எவ்வளவு? நேற்று முளைத்த நிறுவனமும் ஆயுள் வாரண்டி தரும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அது இருக்க வேண்டுமே.

கடைசியாக, நிறுவன வாரண்டி வேறு, விற்ற கடையின் சட்டப் பொறுப்பு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில், உதாரணமாக, புதிய பொருளில் இருந்த குறைக்குக் கடையே குறைந்தது 2 ஆண்டு பொறுப்பு. உங்கள் நாட்டில் என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதல் ஓரிரு ஆண்டுகளில் நிறுவனத்தைத் துரத்துவதைவிடக் கடையில் கேட்பது சுலபமாக முடியலாம்.

3. வாரண்டியைப் பயன்படுத்த என்ன செலவு என்று கூட்டிப் பாருங்கள்

இலவச வாரண்டி இலவசம் இல்லை. நான் போட்ட கணக்கில் இருந்தவை: அனுப்பும் கூரியர், அதற்கான காப்பீடு, எல்லை தாண்டிய பெட்டிக்குச் சுங்கத் தரகர் கேட்ட கட்டணம், திரும்பி வந்த பொருளுக்கு வரி கட்டி அப்புறம் மனுப் போட்டுத் திரும்பப் பெற்ற அலைச்சல். புதியது வந்ததும் மறுபடி ஜீரோ பார்க்க (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்ய) பதினைந்து இருபது தோட்டா, சுடுதளக் கட்டணம், ஒரு நாள் விடுப்பு. இரண்டு முறை இதைச் செய்த பிறகு கூட்டிப் பார்த்தால், அடுத்த தர ஸ்கோப்புக்கும் இதற்கும் இருந்த விலை வித்தியாசம் ஏறக்குறைய முழுதும் போயிருந்தது.

ஆகவே வாங்குமுன் நிறுவனத்துக்கு இந்தக் கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள்: சேவை மையம் என் நாட்டில் இருக்கிறதா? அனுப்பும் செலவு யாருடையது, திருப்பும் செலவு யாருடையது? பழுது பார்ப்பீர்களா, மாற்றித் தருவீர்களா? மாடல் நின்றுபோயிருந்தால் என்ன தருவீர்கள்? பருவ காலத்தில் வழக்கமாக எத்தனை வாரம் ஆகும்? பதில் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதே ஒரு சோதனை. நான் இப்போது வைத்திருக்கும் ஸ்கோப்பின் நிறுவனம் ஒரே நாளில் பதில் போட்டது. கேட்டும் பதிலே தராத இன்னொன்றை அப்போதே பட்டியலில் இருந்து அடித்துவிட்டேன்.

4. உறுதியை எங்கே தேடுவது

இங்கேதான் புதியவர்கள் திணறுவோம். உறுதிக்கு எந்தத் தாளும் கிடையாது. ஸ்கோப்பின் உள்ளே என்ன கெடுகிறது என்று தெரிந்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும்.

வெளிக்குழாய்க்கு உள்ளே இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. படத்தை நிமிர்த்தும் லென்ஸுகளும் ஜூம் பாகங்களும் அதில்தான். அதன் பின்முனை ஒரு மூட்டில் நிற்கும். முன்பகுதியை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் டர்ரெட் (குறியை மேல், கீழ், பக்கவாட்டில் நகர்த்தத் திருப்பும் குமிழ்) திருகுகள் அழுத்தும், எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் தாங்கும். நீங்கள் டர்ரெட்டை ஒரு கிளிக் திருப்பினால் நகர்வது இந்தக் குழாய்தான். ஒவ்வொரு வெடியின் உதையும் இந்தக் குழாயை உலுக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால், மூட்டு தேய்ந்தால், ஜீரோ ஊர்வலம் போக ஆரம்பிக்கும். கண்ணாடி தெளிவாகவே இருக்கும், பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. என்னுடையது போனதும் இப்படித்தான். கடையில் ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பார்த்து 'என்ன தெளிவு!' என்று வியந்து வாங்கியவன் நான். ஜன்னல் வழியே பார்த்தால் கண்ணாடிதான் தெரியும், ஸ்பிரிங் தெரியாது.

இதிலிருந்து சில முடிவுகள். உள்ளே அசையும் பாகம் குறைந்தால் கெடக்கூடியதும் குறையும். மூடியுள்ள டர்ரெட்டோடு எளிமையான 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ.) வேட்டை ஸ்கோப்பும், அதே விலைக்கு 5-25 ஜூம், விளக்கு, பக்கவாட்டு ஃபோகஸ், திறந்த டர்ரெட் எல்லாம் தரும் ஸ்கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரண்டாவதில் பணம் எங்கோ குறைக்கப்பட்டிருக்கிறது. குறைத்த இடம் கண்ணில் படாத இடமாகத்தான் இருக்கும். நூறு, இருநூறு மீட்டருக்குள் சுடுபவருக்கு 9 மடங்கே தாராளம். நிலையான 4 அல்லது 6 மடங்கு ஸ்கோப் இன்னும் எளிது. ஏனோ இப்போது அதை யாரும் சீந்துவதில்லை.

'வாட்டர்புரூஃப்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை, பக்கத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஐ.பி.எக்ஸ்.4 வெறும் தெறிப்புக்கு. டர்ரெட் மூடி போட்டிருந்தால்தான் தண்ணீர் புகாதா, கழற்றினாலும் புகாதா என்பதையும் கேளுங்கள். உள்ளே நைட்ரஜனா ஆர்கானா என்பதில் விற்பவர்கள் நிறைய நேரம் செலவிடுவார்கள். இரண்டும் ஈரமில்லாத வாயு என்பதுதான் விஷயம். அதை உள்ளே நிறுத்தி வைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போய்விட்டால் எந்த வாயுவும் உதவாது. 30 மி.மீ. குழாய் 1 அங்குலக் குழாயைவிட வெளிச்சம் தரும் என்பதும் அதே ரகக் கதை. பெரிய குழாயால் டர்ரெட்டைத் திருப்பும் எல்லை கூடலாம். உறுதி கூடுமா என்பது குழாயின் சுவர் எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது.

பயன்படுத்தியவர்கள் எழுதும் அபிப்பிராயங்களைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 'மூன்று முறை கெட்டது, மூன்று முறையும் மாற்றித் தந்தார்கள், அருமையான நிறுவனம்' என்று ஐந்து நட்சத்திரம் போடுவார்கள். அந்த ஐந்து நட்சத்திரத்தை நீங்கள் மூன்று தோல்வி என்று படிக்க வேண்டும். எந்தத் துப்பாக்கியில் எத்தனை தோட்டா சுட்டார், விழுந்ததா, விழுந்தபின் ஜீரோ எங்கே நின்றது என்று எழுதியிருப்பவரை மட்டும் நம்புங்கள். ஆண்டுக்கு இருபது குண்டு சுடுபவர் 'எட்டு வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லை' என்றால் மொத்தம் 160 குண்டு. அது எதையும் நிரூபிக்காது. ஆயுள் வாரண்டியை மலிவான ஸ்கோப்புக்கும் ஒரு நிறுவனத்தால் தர முடிவது எப்படி என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வாங்குபவர்களில் பலர் அதைக் கெடுக்கும் அளவுக்குச் சுடுவதே இல்லை. கெடுப்பவர்களுக்கு மாற்றித் தரும் செலவு விலையிலேயே சேர்ந்துவிடுகிறது.

5. இப்போது எடைபோடுங்கள்

நான் பின்பற்றும் முறை இது. முதலில், உங்கள் துப்பாக்கியின் உதைக்கும் வானிலைக்கும் தாங்காத எதையும் பட்டியலில் இருந்து நீக்குங்கள், வாரண்டி எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் சரி. மிஞ்சியவற்றுக்குள் வாரண்டியைப் பாருங்கள்.

விலை இடித்தால் ஒரு கணக்கு. ஒரு வேட்டைப் பயணத்துக்கு ஆகும் மொத்தச் செலவை எழுதுங்கள்: அனுமதிக் கட்டணம், பயணம், தங்கல், விடுப்பு. பக்கத்தில் இரண்டு ஸ்கோப்புகளின் விலை வித்தியாசத்தை எழுதுங்கள். ஒரே ஒரு பயணம் கெட்டாலே அந்த வித்தியாசம் போய்விடும் என்றால், 10 ஆண்டு வாரண்டி மட்டும் உள்ள உறுதியான ஸ்கோப், ஆயுள் வாரண்டி உள்ள சந்தேகமான ஸ்கோப்பைவிட மலிவு.

வாரண்டிக்குக் கூடுதல் மதிப்பு தர வேண்டிய நேரங்களும் உண்டு. வீட்டுக்கு அருகிலேயே வேட்டை, கெட்டால் மறுநாள் போகலாம். கையில் இன்னொரு ஸ்கோப் இருக்கிறது. சேவை மையம் உங்கள் நாட்டிலேயே இருக்கிறது. அல்லது பழைய ஸ்கோப் வாங்குகிறீர்கள். கடைசியானது கை இறுக்கமான புதியவருக்கு நல்ல வழி. கைமாறினாலும் செல்லும் வாரண்டி உள்ள பிராண்டில், ஒரு தரம் மேலே உள்ள பழைய ஸ்கோப்பை, கீழ்த்தரப் புதியதின் விலைக்கு வாங்கலாம். போலி பற்றிச் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

மொத்தப் பணத்தையும் ஸ்கோப்பிலேயே கொட்டிவிடாதீர்கள். ரிங், அது உட்காரும் பேஸ் (துப்பாக்கியின் மேல் திருகும் அடித்தளம்), முறுக்கு அளவு காட்டும் திருப்புளி, சோதனைக்கான தோட்டா ஆகியவற்றுக்கு முதலிலேயே ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் ஸ்கோப் பாருங்கள். நல்ல ஸ்கோப்பை மட்ட ரிங்கில் மாட்டியவர்கள்தான் அதிகம் புலம்புகிறார்கள்.

6. மாட்டும்போதே வாரண்டியை இழக்காதீர்கள்

ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் திருகுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். கையால் 'நன்றாக' முறுக்கினால் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுவோம். குழாய் அமுங்கினால் உள்ளே இருக்கும் சின்னக் குழாயும் ஃபோகஸும் சிக்கும், வெளியே ரிங் தழும்பு விழும். அந்தத் தழும்பைப் பார்த்து 'தவறாக மாட்டப்பட்டது' என்று சொல்ல வாரண்டியில் இடம் இருக்கலாம். ஸ்கோப் நிறுவனம் ஓர் அளவும் ரிங் நிறுவனம் ஓர் அளவும் சொன்னால் குறைந்ததை எடுங்கள்.

சொல்லப்படும் அளவு பெரும்பாலும் உலர்ந்த திருகுக்கு. திருகு கழலாமல் இருக்கப் பசை தடவினால் அது எண்ணெய் மாதிரி வழுக்கி, அதே முறுக்கில் இறுக்கம் கூடிவிடும். ரிங்கில் நான் பசை போடுவதில்லை. பேஸை துப்பாக்கியோடு பிணைக்கும் திருகுகளுக்கு மட்டும், எண்ணெய்ப் பிசுக்கை முழுதும் துடைத்துவிட்டு ஒரு துளி.

ஜீரோ பார்க்க டர்ரெட்டை எல்லையருகே வரை திருப்ப வேண்டியிருந்தால், ஸ்கோப்பைக் குறை சொல்லாமல் பேஸைப் பாருங்கள். எல்லையில் உள் ஸ்பிரிங்கின் பிடிப்பு சரியாக இருக்காது.

7. திருப்பித் தரும் கெடு முடியுமுன் சோதியுங்கள்

பல கடைகளில் திருப்பித் தர சில நாள் கெடு இருக்கும். சுட்ட அடையாளம், ரிங் தழும்பு இருந்தால் வாங்க மாட்டோம் என்பவர்களும் உண்டு, முன்பே கேளுங்கள். பருவத்துக்கு முந்தைய வாரம் வாங்கினால் இந்தச் சோதனைக்கு நேரமே இருக்காது. குறைந்தது மூன்று மாதம் முன்னால் வாங்குங்கள். கெட்டது வந்தால் மாற்றவும் அவகாசம் இருக்கும்.

சுடாமலே செய்யக்கூடியது முதலில். துல்லியமாக அளந்த 100 மீட்டரில் ஓர் உயரமான அட்டையை நிறுத்தி, தூக்குக்குண்டு கட்டி நேர் கோடு போட்டு, சென்டிமீட்டர் அடையாளம் இடுங்கள். தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு துப்பாக்கியை அசையாமல் பிடித்து நிறுத்துங்கள். மில், எம்.ஓ.ஏ. இரண்டும் கோண அளவுகள், டர்ரெட்டின் கிளிக் இவற்றில்தான் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு கிளிக் 0.1 மில் என்றால் 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர். 50 கிளிக் திருப்பினால் குறுக்குக்கோடு 50 செ.மீ. நகர வேண்டும். கால் எம்.ஓ.ஏ. கிளிக் என்றால் ஒன்றுக்குச் சுமார் 7.3 மி.மீ.; 60 கிளிக்குக்குச் சுமார் 43.6 செ.மீ. தூரத்தை அளப்பதில் ஒரு மீட்டர் பிசகினால் ஒரு சதவீதப் பிழை அங்கேயே வந்துவிடும், ஆகவே அளவு நாடாவை நம்புங்கள், காலடிக் கணக்கை நம்பாதீர்கள். திருப்பி அதே எண்ணுக்கு வரும்போது கோடு புறப்பட்ட இடத்துக்கே வருகிறதா, ஜூமை முழுதும் திருப்பினால் கோடு இடம் மாறுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து சுட்டுப் பார்ப்பது. மூன்று குண்டு சுட்டு ஜீரோ. அப்புறம் மேலே, வலது, கீழே, இடது என்று ஒவ்வொரு பக்கமும் 20 கிளிக் திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் ஒரு குண்டு. சதுரம் சுற்றி முடிந்ததும் கடைசிக் குண்டு முதல் குரூப்புக்குள், அதாவது முதல் மூன்று குண்டு விழுந்த வட்டத்துக்குள், விழ வேண்டும். பிறகு டர்ரெட்டைத் தொடாமல் இருபது குண்டு, குழல் ஆற விட்டு விட்டு. கடைசியாக மறுபடி மூன்று. முதல் மூன்றும் கடைசி மூன்றும் ஒரே இடத்தில் என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். தோட்டா செலவு வலிக்கும்தான். எனக்கும் வலித்தது, முதல் ஸ்கோப்புக்கு இதைச் செய்யாமல் விட்டது அதனால்தான்.

மூடுபனி பற்றி ஒன்று: குளிரில் இருந்த ஸ்கோப்பைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் வெளிக் கண்ணாடியில் பனி படரும். அது இயல்பு, துடைத்தால் போகும். துடைத்தும் போகாமல் உள்ளே படர்ந்தால்தான் கசிவு. அதை அப்போதே படம் எடுங்கள், அரை மணியில் மறைந்துவிடும்.

8. ஒரு கோப்பு திறந்து வையுங்கள்

பில், கடையின் முத்திரையோடு, மாடல் எண்ணும் சீரியல் நம்பரும் எழுதப்பட்டதாக. 'ரைஃபிள் ஸ்கோப் - 1' என்று மட்டும் எழுதிய பில் எந்த ஸ்கோப்புக்கும் பொருந்தும், எதற்கும் உதவாது. அங்கேயே நின்று சேர்த்து எழுத வையுங்கள். வெப்பத்தில் அச்சிடும் பில் நாளடைவில் வெளுத்துவிடும், அன்றே நகல் எடுங்கள்.

சீரியல் நம்பரின் தெளிவான படம். ஸ்கோப்பின் நாலு பக்கப் படம், மாட்டுமுன். வாங்கிய நாளின் வாரண்டி நிபந்தனை, பக்கத்தைச் சேமித்து அல்லது அச்செடுத்து. நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல் பதில்கள். சோதனை அட்டைகளின் தேதியிட்ட படங்கள். பழையதாக வாங்கினால் விற்றவர் கையெழுத்திட்ட ஒரு தாள், முதல் பில்லின் நகலோடு. பதிவு கேட்கும் வாரண்டி என்றால் பதிவுக் கெடுவை நாட்காட்டியில் குறியுங்கள். சிலவற்றில் அது சில வாரங்கள்தான். எல்லை தாண்டி வேட்டைக்குப் போகிறவர் புறப்படும்போதே சுங்கத்தில் சீரியல் நம்பரைப் பதிந்து ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் திரும்பும்போது புதிதாக வாங்கி வந்ததாக நினைத்து வரி கேட்கலாம்.

9. கெட்டுவிட்டால்

முதலில் ஸ்கோப்தான் கெட்டதா என்று உறுதி செய்யுங்கள். பேஸ், ரிங் திருகுகளைச் சரியான அளவில் முறுக்கி, மறுபடி சுடுங்கள். இன்னும் சிதறினால் நம்பிக்கையான வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் சுடுங்கள். அதில் குரூப் சுருங்கினால்தான் குற்றவாளி ஸ்கோப். இதைச் செய்யாமல் அனுப்பினால், எட்டு வாரம் கழித்து 'எந்தக் குறையும் இல்லை' என்ற சீட்டோடு அதே ஸ்கோப் திரும்பி வரும்.

நிறுவனத்தைத் தொடர்புகொண்டு கோரிக்கை எண் வாங்கிய பிறகே அனுப்புங்கள். என்ன துப்பாக்கி, என்ன தோட்டா, எத்தனை குண்டுக்குப் பிறகு, எவ்வளவு நகர்ந்தது என்று ஒரு பக்கம் எழுதி, அட்டைப் படத்தோடு உள்ளே வையுங்கள். ரிங், மூடி, சூரியத் தடுப்புக் குழல் எல்லாம் கழற்றிவிடுங்கள். போனால் திரும்பி வராது. பேட்டரியையும் எடுத்துவிடுங்கள், லித்தியம் பேட்டரி இருந்தால் கூரியர் தனி விதி பேசுவார். மதிப்பைக் குறைத்து எழுதி வரி மிச்சம் பிடிக்க வேண்டாம், தொலைந்தால் அந்தக் குறைந்த மதிப்புதான் கிடைக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் சுங்கத் தாளில் 'பழுதுபார்த்துத் திரும்ப' என்றும் சீரியல் நம்பரும் இருக்கட்டும். முக்கியமானது ஒன்று: துப்பாக்கி ஸ்கோப் சாதாரண சரக்கு இல்லை. அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதற்கு 0ஏ504 என்று தனி எண் உண்டு. எந்த நாட்டுக்குப் போகிறது என்பதைப் பொறுத்து உரிமம் தேவைப்படலாம். அங்கிருந்து திரும்பி வரும் உங்கள் மாற்று ஸ்கோப்புக்கும் இது பொருந்தும். வாரங்கள் மாதங்களாக நீள்வது இந்த இடத்தில்தான். யார் உரிமம் எடுப்பார்கள் என்று அனுப்புமுன் எழுத்தில் கேளுங்கள். பருவம் முடிந்த மறுவாரமே அனுப்பிவிட்டால் அடுத்த பருவத்துக்குள் எல்லாம் நடந்துவிடும்.

பருவத்தின் நடுவில் கெட்டால் என்ன செய்வது? இதற்காக எளிமையான, பழைய, நிலையான 4 மடங்கு ஸ்கோப் ஒன்றை அதன் சொந்த ரிங்கிலேயே, என் துப்பாக்கியில் ஜீரோ பார்த்து வைத்திருக்கிறேன். எந்தத் தோட்டாவுக்கு ஜீரோ, பேஸில் எந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும், எவ்வளவு முறுக்கு என்று எழுதிய துண்டுத் தாள் அதன் பெட்டி மூடிக்குள் ஒட்டியிருக்கிறது. மாட்டியதும் மூன்று குண்டு அட்டையில் சுட்டுப் பார்க்கிறேன். அந்த மூன்றுக்கான தோட்டாவும் அதே பெட்டியில்.